வெயிலில் வெந்த மாப்பிள்ளை

வெயில் ஓரவஞ்சனை செய்யும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. தம்பி துரைசாமி அப்பாவைப் போல. வெயிலில் நின்றால் அழகாகக் கறுப்பான். நான் அம்மாவைப் போல. சிவந்து, எரிந்து, உரிவேன். இருபத்தாறு வயதுவரை குடையின்றி வெளியே போகாததால் எனக்கு இது தெரியாது.

அப்போது சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணி. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் மகள் பாக்கியத்தைத் திருவிழாவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பெண் கேட்கப் போன தரகரோ, மாப்பிள்ளைக்கு வெளிக்காட்டு மேற்பார்வை என்று அளந்துவிட்டார். நிழலில் உட்காருகிறவனுக்குக் கங்காணி பெண் தரமாட்டார். வருகிறவனின் சட்டைக்கையைத் தள்ளிப் பார்ப்பார். மடிப்புக்கு மேலும் கீழும் ஒரே நிறமென்றால் காப்பியோடு சரி.

ஆகவே தம்பியோடு ஆற்று மணல்திட்டுக்குப் போனேன். சட்டைக்கையை முழங்கைவரை சீராக மடித்து, எண்ணெய் பூசிப் படுத்தேன். மேகங்கள் மெல்ல நகர்ந்தன. அவற்றில் ஒன்று பாக்கியத்தின் முந்தானையாகி என்மேல் இறங்கியது. அதன் கீழே நாங்கள் இருவரும் படகில் போனோம், கரையே வரவில்லை.

"அண்ணே, எந்திரிங்க! அவிச்ச எறா மாதிரி கெடக்கீங்க!"

துரைசாமி புது வெல்லமாகப் பளபளத்தான். (அவனுக்கு யாரும் பெண் பார்க்கவில்லை.)

சில நாள் கழித்துப் பெண் பார்க்கப் போனோம். கங்காணி என் சட்டைக்கையைத் தள்ளினார். தோல் அவர் விரலோடு வந்துவிட்டது.

"அலமாக்! என்னா தம்பி, உரிஞ்சுகிட்டு வருது?"

தரகர் கூரையைப் பார்த்தார். நான் ஆற்றங்கரைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். கங்காணி செம்பை ஓங்கிக் கீழே வைத்தார். "ஆபீஸ் தோலு! பொய் வேற!"

கதவுக்குப் பின்னால் சிரிப்பு. பிறகு பாக்கியத்தின் குரல்: "ஒரு பொய்க்கே இப்படி வெந்து போனவரு, இனிமே என்னாத்த பொய் சொல்லப் போறாருப்பா?"

கங்காணி என் கையை வெகுநேரம் பார்த்தார். "சரி. புள்ளைங்களாச்சும் எங்க பக்கம் வரட்டும்."

எங்களுக்குப் பிறந்த மகள் அவர் பக்கம் வந்தாள், வெயிலில் கறுப்பாள். மகனோ பந்தாடிவிட்டுச் சிவந்து வந்து நிற்பான். "ஆபீஸ் வந்திருச்சு!" என்று பாக்கியம் குரல் கொடுக்க, வீடே சிரிக்கும்.

போன வாரம் அவன் பெண் பார்க்கக் கிளம்பினான். பாக்கியம் என் பழைய குடையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"உள்ளத சொல்லு லா. ஆத்துப் பக்கம் மட்டும் போயிடாத."