காலியாக விட்டிருக்க வேண்டிய பதினொரு கட்டங்கள்

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இந்த இடத்தில் நலம் விசாரிக்க வேண்டும். உங்கள் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே யாரும் நலமில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஆமாமா" என்பீர்கள், மறுநாள் உங்கள் மருமகள் கூப்பிட்டு, அத்தைக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்பாள். அதனால்தான் கடிதம்.

உங்கள் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எலும்பு சமர்த்தாகச் சேர்ந்துகொண்டு வருகிறது. மற்றதையெல்லாம் கெடுத்தது நான்.

மறதி நோய்க்காரர்களுக்கென்று இந்த ஆஸ்பத்திரியில் தனி வார்டு வைத்திருக்கிறார்கள், இவளையும் அதில்தான் சேர்த்திருக்கிறார்கள். கழிவறைக் கதவில் கழிவறைப் படம், சுவரில் தாம்பாளம் அளவுக்குக் கடிகாரம், 'இன்று செவ்வாய், இப்போது காலை' என்று ஒரு பலகை. எனக்கே உபயோகமாக இருக்கிறது. கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு படிவம். நோயாளியின் பழக்கவழக்கம், பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் வீட்டார் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிடுவார்கள், நர்ஸிலிருந்து தரை துடைப்பவர் வரை படித்து அதன்படி நடந்துகொள்வார்கள். நல்ல ஏற்பாடு, குறையே சொல்ல முடியாது. நிரப்பச் சொன்ன ஆள்தான் தப்பு. உரிமம் வழங்கும் ஆபீஸில் முப்பத்துநான்கு வருஷம் விண்ணப்பம் சரிபார்த்தவன் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்து எத்தனை பேர் வயிற்றெரிச்சலை வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் பதினொரு கட்டங்களைக் காலியாக விடுவேனா? பத்தே நிமிஷத்தில் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அதற்கு அடியில் ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தேன்.

எப்படி அழைத்தால் இவருக்குப் பிடிக்கும் என்று முதல் கட்டம். நாற்பத்தொரு வருஷமாக நான் கூப்பிடுவது "இங்க பாரு" என்றுதான், அதையே எழுதினேன். மறுநாளிலிருந்து வார்டு முழுக்க "இங்க பாரு அம்மா, மாத்திரை", "இங்க பாரு அம்மா, திரும்பிப் படுங்க". ஒவ்வொரு தடவையும் உங்கள் தங்கை "இதோ வந்துட்டேன்" என்று முறிந்த இடுப்போடு கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறாள், இரண்டு நர்ஸுகள் பிடித்து அமுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் இங்க பாரு என்றால் தண்ணியோ துண்டோ மூக்குக்கண்ணாடியோ வேண்டும் என்றுதானே அவளுக்குப் பழக்கம். எழுந்திருக்கும் நேரம், நாலரை மணி. அது எனக்கு டீ போட எழுந்த நேரம் என்பது அப்போது தோன்றவில்லை. அவர்களும் தவறாமல் நாலரைக்கு எழுப்பி, விரும்பிக் கேட்பது என்ற கட்டத்தில் 'வானொலிச் செய்தி' என்று நான் எழுதியிருந்ததால் காதோரம் ரேடியோவையும் வைத்துவிடுகிறார்கள், இவள் கத்துகிற கத்தலில் பக்கத்து வார்டே எழுந்துகொள்கிறது. உணவுப் பழக்கத்துக்கு, 'எதுவானாலும் சரி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு' என்று பெருமையாக எழுதினேன். சாப்பாடு கொண்டுவரும் அம்மா வார்டு முழுக்கக் கொடுத்து முடித்து, ஆறிப்போனதைக் கடைசியில் வைக்கிறார். இவள் தொடுவதேயில்லை. எதைக் கண்டு பயப்படுவார்? எதற்கும் பயப்பட மாட்டார். அதை நம்பி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கிற தம்பி இப்போது கையில் கட்டோடு திரிகிறான். பல் பதிந்த இடத்தை எனக்குக் காட்டவும் காட்டினான்.

நேற்று தலைமை நர்ஸ் என்னை உட்காரவைத்து, படிவத்தைக் கையில் கொடுத்து, "ஐயா, கோவிச்சுக்காதீங்க, இதுல நீங்க யாரப் பத்தி எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். மூன்று தரம் படித்துப் பார்த்தேன் அண்ணி. அதில் இருந்தது முழுக்க நான்தான். என் டீ, என் ரேடியோ, என் மூக்குக்கண்ணாடி. அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வருகிறார். இவள் இப்படியே சாப்பிடாமல், வருகிறவர்களையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்கு அனுப்ப முடியாது, காப்பகத்துக்குத்தான் எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அங்கே எத்தனை கட்டம் இருக்குமோ. அதனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், உங்கள் தங்கைக்கு டீயில் சர்க்கரை போடணுமா வேண்டாமா, சின்ன வயசுல நீங்கல்லாம் என்னன்னு கூப்பிட்டீங்க, என்ன பாட்டு பிடிக்கும், இருட்டுன்னா பயமா, எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பா, எல்லாத்தையும் எழுதி உடனே கூரியர்ல அனுப்புங்க. தெரியாததைத் தெரியாதுன்னே எழுதுங்க. என்னை மாதிரி நிரப்பிடாதீங்க.

தங்கள் இல்லத்தில் எல்லோரும் சூடாகச் சாப்பிட்டு, விடிந்தபிறகு எழுந்து, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாம். கவர் வாங்க நான் கீழே போயிருந்த நேரத்தில் தலைமை நர்ஸ் புதுப் படிவத்தோடு வந்து உங்கள் தங்கையிடமே கேட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் பத்துக் கட்டங்களுக்கு அவளே பதில் சொல்லிவிட்டாளாம். சர்க்கரை இரண்டு கரண்டி. எதுவானாலும் சூடாக. காலையில் ரேடியோ வைக்கிற ஆளைக் கண்டால் பயம். எப்படிக் கூப்பிடணும் என்று கேட்டதற்கு, "எனக்குப் பேரு இருக்குல்ல, அதச் சொல்லிக் கூப்பிட்டா என்ன?" என்றாளாம். கூட யார் இருந்தால் நிம்மதி என்ற கட்டம் மட்டும் காலி. அதை நான் நிரப்பவில்லை.

மத்தியானம் சூடாகக் கொடுத்ததைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். அந்தத் தைரியத்தில் பக்கத்தில் போய், கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு முதல் தடவையாக, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க ஐயா. எங்க வீட்டுக்காரர் தூங்குறாரு. எந்திரிச்சா டீ கேப்பாரு" என்றாள்.

அதனால் இப்போது மெதுவாகக் கூப்பிடுகிறேன்.