கரண்டியைக் கீழே வைக்காத மனிதர்

சாப்பாடு போட்டே ஆளை வீழ்த்தக்கூடியவர் காரைக்கால் மாவட்டத்திலேயே ஒருவர்தான் உண்டு. நெரவியில் என் வீட்டு ஓனர். அவருடைய சொந்தப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் ‘இன்னுங்கொஞ்சம் சார்’.

மாற்றலாகி வந்து அவர் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தேன். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அது சம்பளத்துக்காகப் பார்த்த வேலை. உண்மையான உத்தியோகம் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பது. இலையில் எங்காவது பச்சை தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. ‘போதும்’ என்று கையை வைத்து மறைத்தால் விரல் இடுக்கு வழியாகச் சாம்பார் இறங்கும். குரும்பகரத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பந்தியிலிருந்து தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்களாம். நானே ஆபீஸ் விட்டு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவேன். சத்தம் கேட்டால் கீழே இலை விழுந்துவிடும்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகள் கவிதா, பெங்களூருவில் வேலை கிடைத்துப் போகும்போது தன் கிளியை விட்டுவிட்டுப் போனாள். நம்மூர்ப் பச்சைக்கிளி இல்லை. மஞ்சளும் ஆரஞ்சுமாக ஏதோ வெளிநாட்டு இனம், பெயர் மேங்கோ. சாரைப் பொறுத்தவரை அது கிளியே இல்லை, எழுந்து ஓட முடியாத விருந்தாளி.

காலையிலேயே கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை, அதன்மேல் கொய்யா, அதற்கும் மேல் அவித்த சோளம். அது நாலு வாய் கொறிப்பதற்குள் கூண்டுக்குள் கையை விட்டு மறுபடி நிரப்புவார். “நல்லா சாப்புடும்மா, கூச்சப்படாத.”

மேங்கோ கூச்சப்படவில்லை. கடித்தது.

மற்ற நேரத்தில் பரம சாது. அவர் தோளில் உட்கார்ந்து காது மடலைக் கோதும். கிண்ணத்தின் அருகே கை போனால் மட்டும் கழுத்து இறகு சிலிர்க்கும், கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும், வால் விசிறிபோல் அகலும். அதெல்லாம் அது முறைப்படி கொடுக்கிற நோட்டீஸ். சார் வேறு மாதிரி படித்தார்.

“சந்தோசத்துல வால விரிக்குது பாருங்க தம்பி” என்று சொல்லி முடிப்பதற்குள் ரத்தம்.

ஒருநாள் வீடியோ காலில் கவிதா பார்த்துவிட்டாள். “அப்பா, விரல் பூரா என்னப்பா பிளாஸ்திரி?”

“கத்திரிக்கா நறுக்குனேம்மா.”

பின்னாலிருந்து அவர் மனைவி சரோஜா அக்கா குரல் கொடுத்தார். “அருவாமண எந்தப் பக்கம் இருக்குன்னே ஒங்கப்பாவுக்குத் தெரியாதுடி. எல்லாம் ஒங் கிளி பண்ற வேல.”

கவிதா பயந்துவிட்டாள். “ரெண்டாவது சனிக்கெழம வர்றேன். நாகப்பட்டினத்துல என் ஃபிரெண்டு பெரிய கூண்டா வச்சி கிளி வளக்குறா. அப்பவும் கடிச்சிதுன்னா அவகிட்ட குடுத்துருவேன்.”

அன்று சார் மறுசோறு வாங்கவில்லை. அந்த வீட்டில் அது இழவுக்குச் சமம். மறுநாளே அவரைக் கால்நடை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். கிளி சாப்பிடுவதை என் போனில் எடுத்து வைத்திருந்தேன். டாக்டரம்மா அதை இரண்டு தடவை பார்த்தார்.

“சார், தப்பு கிளி மேல இல்லீங்க. அது சாப்புடுறப்ப நீங்க கைய விடுறீங்க. புடுங்க வர்றீங்கன்னு நெனைக்குது.”

“நான் போடத்தானேங்க போறேன்!”

“அது அதுக்கு எப்புடிங்க தெரியும்?”

டாக்டரம்மா அடுக்கினார். நாள் முழுக்கக் கிண்ணம் நிரம்பியிருந்தால் அதுவும் நாள் முழுக்கக் காவல் காக்கும். அதனால் காலை, மாலை அளவாக வைக்க வேண்டும். விதையைக் குறைத்துக் கீரை, காய். வைத்ததும் நகர்ந்துவிட வேண்டும். பழகியபின், போகிற போக்கில் ஒரு கடலைப் பருப்பைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போகலாம். “முக்கியமா, பக்கத்துல நின்னு ‘இன்னுங்கொஞ்சம்’னு கேக்கவே கூடாதுங்க.”

முதல் நாள் கிண்ணத்தை வைத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி ஓடி வந்தார். “காலியா இருக்கு தம்பி, மனசு கேக்கல.” இரண்டாம் நாள் சரோஜா அக்கா அவர் கைகளைத் துண்டால் பின்னால் கட்டி, டிவி முன்னால் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு அவரே துண்டை எடுத்துக்கொண்டு வந்து முதுகைக் காட்டி நிற்பார்.

சனிக்கிழமை வந்தது, கவிதாவும் வந்தாள். சார் கிண்ணத்தை வைத்தார், நாலடி பின்னால் போனார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேங்கோ சாப்பிட்டது. கிண்ணத்தின் அடி தெரிந்தது. சாரின் வலது கை தானாக உயர்ந்தது. இடது கையால் பிடித்து அடக்கினார். பிறகு மெதுவாகப் போய், கிண்ணத்திலிருந்து தள்ளி ஒரு கடலைப் பருப்பைப் போட்டார். கழுத்து இறகு சிலிர்க்கவில்லை. வால் விரியவில்லை. மேங்கோ பருப்பைத் தின்றுவிட்டு, கம்பியோரம் வந்து அவரிடம் சொறிந்துவிடச் சொல்லித் தலையைக் குனிந்தது.

“இங்கயே இருக்கட்டும்ப்பா” என்றாள் கவிதா. சார் சொறிந்துகொண்டே இருந்தார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

மத்தியானம் எனக்கும் அங்கேதான் இலை. சார் குழம்பை ஊற்றினார். புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. சட்டென்று நாலடி பின்வாங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் இலையில் பச்சை தெரிய ஆரம்பித்தது. ‘இன்னுங்கொஞ்சம்?’ என்று யாரும் கேட்கவில்லை.

வயிறு என்னவோ நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் இலையை முன்னால் நகர்த்தி, “சார், இன்னுங் கொஞ்சம் போடுங்க” என்றேன்.