திரை மூடினால் ஆளில்லை

"போனை மெதுவாத் திருப்பி அறை முழுக்கக் காட்டுங்க," என்றார் கைபேசிக்குள் இருந்த பதிவு அதிகாரி.

லிகாயா போனைத் திருப்பாமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்தபடியே உயிலைப் பதிவு செய்யலாம் என்றார்களே தவிர, வீட்டையும் காட்டச் சொல்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"எதுக்கு மேடம்?"

"பக்கத்துல யாராவது நின்னு உங்களை மிரட்டி எழுத வைக்கக் கூடாது இல்லையா? அதுக்குத்தான். நீங்க தனியா இருக்கணும்."

துபாயில், சத்வா பகுதியில் அவள் இருந்த கட்டடத்தில், தனியாக இருப்பதா! ஒரே அறை. அதைத் திரை போட்டு நாலாகப் பிரித்திருந்தார்கள். அப்படிப் பிரிக்கக் கூடாது என்று வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியும் இருந்தது. ஆனால் சம்பளத்தில் பாதியைப் பிலிப்பைன்ஸில் சொந்த ஊரான இலோய்லோவுக்கு அனுப்புகிறவர்கள் வேறு எங்கே போய்ப் படுப்பார்கள்?

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. திரை மூடியிருந்தால் உள்ளே ஆளில்லை. உள்ளே அழுதாலும் யாரும் கேட்கவில்லை, போனில் சண்டை போட்டாலும் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் இத்தனை பேர் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் அடிக்காமல் காலம் தள்ளினார்கள். இன்றும் எல்லாத் திரையும் மூடியிருந்தது.

"யாரும் இல்லை மேடம்," என்றாள் லிகாயா, போனை ஒரு சுற்றுத் திருப்பிக் காட்டி, முழு மனதோடு.

வியாழக்கிழமை அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. கணவன் என்று ஒருவன் இருந்தான். இப்போது எந்தத் தீவில் யாரோடு இருக்கிறானோ. ஏதாவது ஆகிவிட்டால், ஏழு வயது மகள் லென்லென் அவன் கைக்குப் போகாமல் ஊரில் இருக்கும் அக்காவிடம் போய்ச் சேர வேண்டும். சொத்தென்று எழுத ஒன்றுமில்லை. எழுத இருந்தது குழந்தை மட்டும்தான்.

இந்தக் கைபேசிக் கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போட்டால், அவள் போன பிறகும் அது அவளுக்காகப் பேசுமாம். நினைத்தாலே மேல் சிலிர்த்தது. கோயிலில் நிற்பதைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"பின்னாடி பூப்போட்ட துணி தெரியுதே, அது என்ன?"

"சுவர் மேடம்."

சுவர் குறட்டை விட்டது.

அதிகாரி ஹெஸ்ஸாவின் புருவம் உயர்ந்தது. லிகாயா பாய்ந்து திரையை விலக்கி, ஹோட்டலில் இரவுச் சமையல் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நெஸ்டரை உலுக்கினாள். "அண்ணே, எந்திரிங்க! வெளிய போங்க!"

"பாத்ரூம் காலியா?"

"ஊரே காலி, போங்கண்ணே!"

அரைக்கால் சட்டையோடு எழுந்தவர் போனைப் பார்த்து, "குட் மார்னிங், மேடம். சாப்பிட்டீங்களா?" என்று குனிந்து வணங்கினார். வெளியே போனால் காவலாளி பார்த்துவிடுவான் என்ற பயத்தில், ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பெரிய அட்டைப் பெட்டிக்குள் காலை விட்டார். எல்லோரும் சேர்ந்து சோப்பும் டின் மீனும் நிரப்பிக்கொண்டிருந்த பெட்டி அது. நெஸ்டரோடு அப்படியே சாய்ந்தது.

"ஐயோ, என் ஷாம்பூ!" என்று இரண்டாவது திரை விலகியது. சலூனில் முடி வெட்டும் குளோரி, கையில் சீப்போடு.

"அக்கா, நீங்க இல்லவே இல்லை! திரைய மூடுங்க!"

"இல்லைதான்டி. ஷாம்பூ கொட்டுதே, அதுக்கு மட்டும் வந்தேன்."

"மூடித் தொலைங்கக்கா!"

அவசரத்தில் லிகாயா இழுத்த இழுப்பில் கம்பி கழன்றது. கம்பி ஒன்றுதான், மீதித் திரைகளும் அதில்தான் தொங்கின. எல்லாம் சேர்ந்து சரிந்தன.

மேல் கட்டிலில் டாக்ஸி ஓட்டும் அர்னெல், வண்ணப் பென்சிலோடு வானவில்லுக்கு ஊதா அடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம். கீழே லென்லென், தலையில் ஒரு பக்கம் மட்டும் பின்னல், வாய் நிறைய நெஸ்டர் வைத்திருந்த பூண்டுச் சோறு.

"அம்மா, நான் சத்தமே போடலை," என்றது குழந்தை.

ஹெஸ்ஸா பேனாவைக் கீழே வைத்தார். வித்தைக்காரனின் கைக்குட்டைக்குள்ளிருந்து புறா புறாவாய்ப் பறப்பதைப் பார்த்தவர் போல, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி பதிவும் போச்சு. கட்டடக்காரனுக்குத் தகவல் போனால் அத்தனை பேருக்கும் தெருதான்.

"மேடம், இவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க," என்றார் நெஸ்டர் பெட்டிக்குள்ளிருந்தே. "தப்பு எங்க மேலதான். நான் வேணா இன்னிக்கே காலி பண்ணிடறேன்."

"நீ எதுக்கு? நான் போறேன்," என்றாள் குளோரி. "குழந்தை உன் சமையல்தான் சாப்பிடும்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான் டாக்ஸியிலயே படுத்துக்குவேன்," என்றார் அர்னெல்.

லிகாயாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் வேணும்னு பொய் சொல்லலை மேடம். திரை மூடியிருந்தா ஆளில்லைன்னுதான் எங்க வீட்டு வழக்கம். இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க. என் குழந்தைக்காக."

ஹெஸ்ஸா தன் முன்னாலிருந்த உயிலின் பக்கத்தைப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. அறையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"இவங்களை வெளிய அனுப்பிட்டா மீதியைப் பதிவு பண்ணிடலாம், லிகாயா. ஆனா, 'ஊர்லேர்ந்து அக்கா வந்து சேர்ற வரைக்கும் குழந்தையைப் பாத்துக்க இந்த ஊர்ல எனக்கு யாருமில்லை'ன்னு எழுதியிருக்கீங்களே, அந்தப் பொய்யை மட்டும் என்னால பதிவு பண்ண முடியாது."