எழுந்து போகும் விலை

விலை சொல்கிறவர்களில் பொருளைப் பார்த்துச் சொல்கிறவர் உண்டு, ஆளைப் பார்த்துச் சொல்கிறவரும் உண்டு. இவர்களை நீங்கள் எந்தச் சந்தையிலும் பார்க்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. இன்று நம் கையில் அகப்பட்டிருப்பவர் மூன்றாவது வகை. இவர் பொருளையும் பார்ப்பதில்லை, ஆளையும் பார்ப்பதில்லை. ஒரு தாளை எடுத்து, இடது ஓரத்தில் சின்னக் கட்டம் ஒன்று போட்டு, அதிலிருந்து இரண்டு கோடு இழுத்து, கோட்டின் முனையில் வட்டம் போட்டு, வட்டத்திலிருந்து மறுபடியும் மூன்று கோடு இழுத்து, 'ஒத்துக்கொள்வார், நூற்றுக்கு அறுபது, முறைப்பார், முப்பது, திட்டுவார், பத்து' என்று எழுதி, பெருக்கி, கூட்டி, கடைசியில் வந்த எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போடுவார். அதுதான் விலை. கோடெல்லாம் கிளை கிளையாகப் பிரிவதால் இந்த இனத்துக்கு நான் கிளைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கிளைக்காரரை அடையாளம் காண்பது ஒன்றும் கஷ்டமில்லை. பக்கத்து வீட்டில் எல்லாரும் தோட்டத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும்போது, கை துடைக்கக் கொடுத்த காகிதத்தில் தக்காளி சாஸ் படாத மூலையாகப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான். அவர் வாயில் இரண்டு மந்திரங்கள் உண்டு. முதல் மந்திரம்: "எதிராளி எழுந்து போற விலை என்ன?" அதாவது, எந்தப் பேரத்திலும் எதிரே இருப்பவர் 'இதுக்கு மேல நம்மால ஆகாது' என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற விலை ஒன்று இருக்குமாம். அதைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு டாலர் இந்தப் பக்கம் நின்றுவிட்டால் ஜெயமாம். எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த ஆளிடமே பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். சேச்சே! அது சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை.

இரண்டாவது மந்திரம் இன்னும் உசத்தி. "முடிவு சரி, விளைவுதான் தப்பு." எனக்குத் தெரிந்த கிளைக்காரர் ஒருவர் தன் பழைய மீன்பிடிப் படகை ரோட்டோரம் நிறுத்தி, விற்பனைக்கு என்று அட்டை மாட்டியிருந்தார். பக்கத்து ஊர் அலெக்ஸாண்ட்ராவிலிருந்து வந்த ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டு, நாலாயிரம் டாலர் இந்தாருங்கள் என்றார். இவ்வளவு சீக்கிரம் நாலாயிரம் சொல்கிற மனுஷன் நாலாயிரத்து அறுநூறு வரை தாங்குவான் என்று கிளை சொல்லிற்று. இவர் நாலாயிரத்து அறுநூறு என்றார். வந்தவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, படகில் இப்போது வாத்துக் குடும்பம் ஒன்று வாடகையில்லாமல் இருக்கிறது. கேட்டால், "முடிவு சரிதான்ப்பா" என்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கிளைக்காரர் அந்தச் சுரைக்காய்க்குப் பக்கத்திலேயே, வேகும் வாய்ப்பு எழுபது, வேகாத வாய்ப்பு முப்பது என்று குறித்து வைத்திருப்பார்.

அந்தப் படகுக்காரர் பெயர் டூகல்ட். இங்கே, உலகத்தின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ராக்ஸ்பரோவில், ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிற பதினான்கு பழத்தோட்டங்களுக்கும் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர். ஒன்றரை வருஷம் முன்பு வரை நல்ல மனுஷன். வானத்தைப் பார்ப்பார், எதிராளியின் காலணியைப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார்; அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொன்னார். பிறகு யாரோ கிறைஸ்ட்சர்ச்சில் விலை நிர்ணயம் பற்றி இரண்டு நாள் வகுப்பு நடத்த, இவரும் போய்ச் சேர்ந்து, நாலு நிறப் பேனாக்களோடு திரும்பினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அவர் மனைவி மொய்ரா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பாதிக்கு மேல் அது சிரிப்பில்லை.

"ராத்திரிக்கு ஆட்டுக்கறியா, கடையில மீன் வாங்கிக்கலாமான்னு கேட்டேன். மீன் கடையில கூட்டம் இருக்க வாய்ப்பு எவ்ளோங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பசங்க பசியில கத்துதுங்கன்னேன். இரு, அதையும் ஒரு கிளையா போட்டுடறேங்கறாரு."

இதுவரைக்கும் யாருக்கும் சேதமில்லை. சேதம் டிசம்பரில் வந்தது.

டிசம்பர் எங்களுக்குக் கோடை. எங்கள் ஊரில் செர்ரி பழுக்கிற நேரமும் மழை வருகிற நேரமும் சில வருஷம் ஒன்றாக வந்து தொலையும். பழுத்த பழத்தின் காம்புக் குழியில் தண்ணீர் தேங்கினால் தோல் அதைக் குடித்து வெடித்துவிடும். வெடித்த பழத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது, விமானத்திலும் ஏற்ற முடியாது, ஜாம் காய்ச்சத்தான் முடியும். அதனால் மழை விட்ட கையோடு ஹெலிகாப்டர் வந்து மரத்தலைக்கு மேல் நிதானமாகப் போய் வந்து, அந்தக் காற்றிலேயே தண்ணீரை உதறிவிட வேண்டும். மணிக்கு இரண்டாயிரம் டாலர் என்பது எல்லாருக்கும் தெரிந்த கூலி. நான் பழம் தரம் பிரிக்கிற கொட்டகை நடத்துகிறவன், பதினெட்டு வருஷமாக இந்தக் கூலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதைப் பார்த்திருக்கிறேன். யாரும் இதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்பு மற்ற தோட்டங்களில் பறிப்பு முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது நோலீனுடைய தோட்டம் ஒன்றுதான். நோலீனுக்கு அறுபத்து மூன்று வயது. பழைய மரங்களையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புது ரகம் நட்டு, ஆறு வருஷம் அரைகுறை விளைச்சலோடு ஓட்டி, இந்த வருஷம்தான் முதல் முழுக் காய்ப்பு. வெள்ளிக்கிழமை பறிப்பு. வியாழன் காலை மழை என்று வானிலைக்காரர் சொல்லிவிட்டார். புதன்கிழமை மத்தியானம் டூகல்ட் பேனாக்களோடு நோலீன் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தார். பழப்பெட்டிக் கணக்கு பேச நானும் அங்கே இருந்தேன்.

நோலீன் சூடாக சீஸ் ரோல் எடுத்து வைத்தார். டூகல்ட் இரண்டு தின்றார். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "மணிக்கு ஒன்பதாயிரம்" என்றார்.

"எத்தனை?"

"ஒன்பதாயிரம். மூணு மணி நேரம் ஆகும். மொத்தம் இருபத்தேழு."

"போன வருஷம் ரெண்டாயிரம்தானே வாங்கின?"

சாதாரண மனிதன் இந்த இடத்தில் பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருப்பான். நோலீனும் நம்பாமல் நம்பி, மூவாயிரத்துக்கு முடித்திருப்பார். ஆனால் கிளைக்காரர் பொய் சொல்லமாட்டார். அதுதான் அவரிடம் உள்ள பெரிய ஆபத்து. தாளை மேஜை மேல் விரித்தார்.

"பாருங்க நோலீன், இது நீங்க. உங்க பழத்தோட மதிப்பு ரெண்டரை லட்சம். நான் வரலேன்னா முக்கால்வாசி போயிடும். குரோம்வெல் ஊர் ஹெலிகாப்டர் ஆளுங்களுக்கெல்லாம் நாளைக்கு அங்கயே வேலை, அதனால இந்தக் கிளை அடிபட்டுப் போச்சு. டிராக்டர் விசிறிய வெச்சு ஊதினாலும் கால்வாசிதான் தேறும், அது இந்தக் கிளை. ஆக, உங்களுக்கு வேற வழியே இல்ல. அம்பதாயிரம் கேட்டாலும் நீங்க குடுத்துதான் ஆகணும். நான் இருபத்தேழுதான் கேக்கறேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தர்மப் பிரபுவின் முகம்.

நோலீன் கண்ணாடி போட்டுக்கொண்டு தாள் முழுவதையும் நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க."

"அப்ப நாளைக்கு வந்துடட்டுமா?"

"வேணாம்."

"அதெப்படி வேணாம்?"

"ரெண்டாயிரம்னா வா. பண்டிகை நாள், மூவாயிரம் வெச்சுக்கோ. இல்லேன்னா வீட்ல இரு." சொல்லிவிட்டு, தட்டில் மிச்சமிருந்த சீஸ் ரோல்களின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்.

வெளியே வந்ததும் டூகல்ட் என் தோளைத் தட்டினார். "சும்மா முறுக்கிக்கறாங்க. மழை விட்டதும் கூப்பிடுவாங்க பாரு."

மறுநாள் காலை மழை ஐந்து மணிக்குப் பிடித்து எட்டே முக்காலுக்கு விட்டது. நான் போனபோது நோலீன் டிராக்டரில் இருந்தார். மருந்து தெளிக்கிற விசிறி முழு வேகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. வனுவாட்டுத் தீவிலிருந்து பறிக்க வந்திருந்த பதினாறு பேரும் ஆளுக்கொரு வரிசையில் மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் இலை ஊதுகிற இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாரும் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்கள். எத்தனை பேர் உலுக்கினாலும் இரண்டாயிரம் மரம் இரண்டாயிரம் மரம்தான்.

நான் ஓடிப்போய் டிராக்டரை மறித்தேன்.

"நோலீன், குடுத்துத் தொலைங்க. இருபத்தேழு போனா போகுது, மிச்சம் தேறுமில்ல?"

"நீ எப்பலேருந்து அந்தக் கோஷ்டி?"

"கணக்கு அப்படித்தானே வருது?"

"கணக்கு எனக்கும் வருது. அவன் என் வீட்டுல உக்காந்து, நான் குடுத்ததைத் தின்னுக்கிட்டே, நான் எப்பிடி மாட்டிக்கிட்டிருக்கேன்னு எங்கிட்டயே பெருக்கிக் காமிச்சான். அதுக்கு நான் காசு வேற குடுக்கணுமா? தள்ளு. அந்தக் கடைசி வரிசைக்கு ஆள் இல்ல, போய் உலுக்கு."

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிற கதை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டே கடைசி வரிசையை உலுக்கினேன். பத்து மணிக்குப் பொறுக்காமல் டூகல்டிடம் ஓடினேன். ஹெலிகாப்டருக்குள் இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு, ஃபோனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"நீயே கூப்பிட்டுப் பேசேன்ப்பா."

"நான் முதல்ல கூப்பிட்டா என் விலை செத்துது. அடுத்த வருஷம் பதினாலு பேரும் பேரம் பேசுவானுங்க."

"அங்க பழம் செத்துக்கிட்டிருக்கு."

"பத்தரைக்குள்ள கூப்பிடுவாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தாறு."

"மிச்சம் நாலு?"

"அது சும்மா, ஒரு மரியாதைக்குப் போட்டது."

பத்தரை ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. மேகம் கலைந்து சுள்ளென்று வெயில் அடித்தது. ஈரப்பழத்துக்கு அதைவிட எமன் கிடையாது. பதினொன்றேகாலுக்கு டூகல்ட் தானே கூப்பிட்டு, இரண்டாயிரத்துக்கே வருகிறேன் என்றார். ஃபோனில் நோலீன் குரல் எனக்கும் கேட்டது.

"இப்ப நீ வந்து ஊதினா ஜாம்தான் ஆறும், டூகல்ட்டு. வெச்சுடு."

மறுநாள் என் கொட்டகையில் நோலீன் பழம் ஓடுகிற பட்டையின் ஓரத்தில் நின்று முழுவதையும் பார்த்தார். மூன்று பெட்டியில் இரண்டு பெட்டி கழிசலுக்குப் போயிற்று. ஆறு வருஷம் காத்திருந்த பழம். அவர் அழவில்லை, நான்தான் வேறெங்கோ வேலை இருப்பதுபோல் போய்விட்டேன்.

டூகல்டை யாரும் திட்டவில்லை. மதுக்கடையில் எல்லாரும் தலையசைத்தார்கள், எப்படியிருக்கிறாய் என்றார்கள். அவர் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து தன் தாளில் இருந்த கிளை மரத்தைத் திருத்தி வரைந்துகொண்டிருந்தார். 'நோலீனுக்குப் பைத்தியம்' என்று புதுக் கிளை ஒன்று முளைத்திருந்தது. அதற்கு முதலில் நூற்றுக்கு நாலு போட்டு, அடித்து, பிறகு பதினைந்து. "முடிவு சரி" என்றார் என்னிடம்.

மொய்ரா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "'நான் அநியாயமா கேட்டுட்டேன்'னு ஒரு கிளை எங்க?"

டூகல்ட் வெகுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல இடம் இல்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, பாவம். நிஜமாகவே தேடிவிட்டுத்தான் சொன்னார்.

அடுத்த வசந்தத்தில், மரம் பூத்த நேரத்தில், உறைபனி விழுந்தது. மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளிப் பூவைக் காப்பாற்ற ஹெலிகாப்டர் வேண்டும். பதினான்கு தோட்டமும் அலெக்ஸாண்ட்ராவிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தன, கூடுதல் கூலிக்கு. டூகல்ட் இப்போது குவீன்ஸ்டவுனில் சுற்றுலாக்காரர்களுக்கு மலை காட்டிக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறார்.

சரி, இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். நோலீன் வேண்டாம் என்று சொன்ன அந்த நிமிஷத்தில் உங்களுக்குள் என்ன ஓடிற்று? ஒன்பது மூன்று இருபத்தேழு, இரண்டரை லட்சத்தில் இருபத்தேழு போனால் மிச்சம் இவ்வளவு என்று உதடு அசைந்ததா? 'அட அசட்டுப் பொம்பளை, கொடுத்திருக்கலாமே' என்றீர்களா? கவலை வேண்டாம், அது ஆரம்ப நிலைதான். நான் அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னவன். ஆனால், 'நான் டூகல்டாக இருந்தால் ஒன்பது கேட்டிருக்க மாட்டேன், தாளையும் காட்டியிருக்க மாட்டேன், ஐந்தரை கேட்டிருப்பேன், அவரும் ஒத்துக்கொண்டிருப்பார்' என்று தோன்றியிருந்தால் நிலைமை முற்றிவிட்டது, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஐந்தரைக்கு அவர் ஒத்துக்கொண்டிருக்க வாய்ப்பு எவ்வளவு என்று என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். அந்த மாதிரிக் கணக்கெல்லாம் நான் போடுகிறவன் இல்லை.

நூற்றுக்கு எழுபத்திரண்டு.