உசிலம்பட்டிக் கிளையின் மேலாளர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அவற்றுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி நடந்த ஒரே காரியம், மதுரை கோரிப்பாளையத்தில் தண்ணீர் மோட்டார் விற்கும் ஒரு கடையில் ஊழியர்களுக்காக நடந்த 'ஆளுமை வளர்ச்சி வகுப்பு'தான். இதில் கருத்து வேறுபாடு கொண்டவர்கள் யாரும் இப்போது அந்தக் கடையில் வேலையில் இல்லை.

கடை முதலாளி பாண்டியராஜன் தாராள மனசுக்காரர். சித்திரை பிறந்தால் ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்பது வழக்கம். இந்த வருஷமும் கேட்டார்கள். அவர் ஆழ்ந்து யோசித்தார். சம்பளம் உயர்ந்தால் அது பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக்கும் போய்விடும். மனிதனே உயர்ந்துவிட்டால் அதை யாராலும் பிடுங்க முடியாது. ஆகவே கிரிதரன் என்ற 'வாழ்க்கைப் பயிற்சியாளரை' வரவழைத்தார். கூடவே ஓர் அறிவிப்பும் செய்தார்: உசிலம்பட்டியில் கிளை வருகிறது, அதன் மேலாளர் நம்மில் ஒருவரே.

இதைக் கேட்டதும் சர்வீஸ் பிரிவில் இருந்த சிவபாண்டி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கு ஊர் எழுமலை. அங்கிருந்து உசிலம்பட்டி, பிறகு ஆரப்பாளையம், பிறகு கோரிப்பாளையம் என்று மூன்று பஸ் மாறி வேலைக்கு வருகிறவன். கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். பிள்ளை நடக்கப் பழகிவிட்ட செய்தியே மனைவி பாண்டிச்செல்வி போனில் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். ஞாயிறு மட்டும் பாதி நாள் வீட்டில் இருப்பான். அப்போது பிள்ளை அவனை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலப் பார்க்கும். உசிலம்பட்டிக்கு மாற்றலாகிவிட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். மேலாளர் நாற்காலி அவனுக்குப் பெரிதில்லை. விழித்திருக்கும் மகளைத் தினமும் தூக்கிக் கொஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பின் முதல் பாடம், விடியுமுன் எழுவது.

"நான் நாலரைக்கே எந்திரிச்சிருவேன் சார்" என்றான் சிவபாண்டி.

"எதுக்கு?" என்றார் கிரிதரன்.

"மொத பஸ்ஸ விட்டா வர முடியாது சார்."

"அது பஸ்ஸுக்காக எந்திரிக்கிறது. கணக்குல வராது. உங்களுக்காக எந்திரிக்கணும்."

மறுநாளிலிருந்து சிவபாண்டி இன்னும் முன்னதாகவே எழுந்து தனக்காக இருட்டில் உட்கார்ந்தான். தனக்கு என்ன வேண்டும் என்று மனதைக் கேட்டான். தூக்கம் வேண்டும் என்றது. இது எதிர்மறைச் சிந்தனை என்பதால் அதை உடனே கண்டித்தான்.

அடுத்த பாடம் இன்னும் உயர்ந்தது. "மேனேஜர் ஆவேன்னு சொல்லாதீங்க" என்றார் கிரிதரன். "ஆயிட்டேன்னு சொல்லுங்க. நாளைக்குன்னு சொன்னா பிரபஞ்சமும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்ரும்."

"ஆகாம ஆயிட்டேன்னு சொன்னா பொய்யில்லையா சார்?"

"சம்பளம் வாங்கிட்டுச் சொன்னா பொய். வாங்காமச் சொன்னா அது நம்பிக்கை."

முடிவாக, லட்சியத்தைப் படமாக்கி, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டச் சொன்னார். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ஓர் அட்டையில் நாலு படத்தை வெட்டி ஒட்டி, பீரோக் கதவில் தொங்கவிட்டிருப்பார்கள். மதுரைப் பக்கத்து மனிதனிடம் படம் போட்டு எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிவபாண்டி நேரே உசிலம்பட்டியில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் மைத்துனன் அழகுபாண்டியிடம் போனான்.

"வருங்கால மேலாளரேன்னு போட்ருவமா மாமா?" என்றான் அழகுபாண்டி.

"வேணாம் மாப்ள. மேலாளர்னே போடு."

"என்னைக்கு ஆனீக?"

"ஆகல. ஆனா ஆயிட்டேன்."

அழகுபாண்டி ஆச்சரியப்படவில்லை. அவன் தொழிலில் இப்படிப்பட்டவர்களைத்தான் தினமும் பார்க்கிறான்.

எழுமலை பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் எழுந்தது. சிவபாண்டி கோட்டு சூட்டுடன் காதில் போனை வைத்திருந்தான். பின்னால் சிங்கம், அதற்கும் பின்னால் மோட்டாரிலிருந்து பாயும் தண்ணீர். கீழே சொந்தபந்தங்களின் முகங்கள் வரிசையாக. இலவசமாக அடித்துக் கொடுத்த காரணத்தால் அழகுபாண்டியின் முகம் சிங்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. 'உசிலம்பட்டிக் கிளையின் மேலாளரே, வருக' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

பிரபஞ்சம் கேட்டதோ இல்லையோ, எழுமலை கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தோட்டத்து நல்லகாமன் பழுதான மோட்டாரை டிவிஎஸ்ஸில் கட்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மேனேஜரே, ஒங்க கிளை உசிலம்பட்டியில எங்கிட்டு இருக்கு? நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன்."

"இப்போதைக்கு மனசுலதாண்ணே இருக்கு."

"அது எம்புட்டு தூரம்?"

சிவபாண்டி மோட்டாரை இறக்கிக் கழற்றினான். அடுத்தடுத்த ஞாயிறுகளில் வாசல் நிறைய மோட்டார் வந்தது. மேலாளர் என்று கூப்பிட்டவர்களிடம் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இருந்த பாதி நாளும் அதிலேயே போனது. அந்தியில் பாண்டிச்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போய், பிளெக்ஸைக் காட்டிச் சோறு ஊட்டினாள்.

"பாப்பா அதப் பாத்துத்தான் அப்பாங்குது" என்றாள் அவனிடம். "நீங்க எப்ப உசிலம்பட்டிக்கு வாரீக?"

அவன் நாளைக்கே கேட்டுவிடுகிறேன் என்றான்.

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. பிளெக்ஸின் படம் யார் யார் போனிலோ சுற்றி முதலாளியிடம் வந்து சேர்ந்திருந்தது. கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்தபடி உள்ளே போனான் சிவபாண்டி. பாண்டியராஜன் எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டார். கிரிதரனும் பக்கத்தில் இருந்தார்.

"பாத்தீங்களா கிரிதரன், இவன்தான் ஒங்க வகுப்ப முழுசாப் புரிஞ்சுக்கிட்டவன். இம்புட்டுப் பெருசா யாரும் நம்பல" என்றார்.

சிவபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப கிளை எப்ப சார் தெறக்குறோம்?"

"தெறந்தாச்சே."

"எங்க சார்?"

முதலாளி தன் நாற்காலிக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட படத்தில் உசிலம்பட்டிக் கிளை பளபளத்தது. வாசலில் கத்தரிக்கோலும் கையுமாக அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசமே தெறந்துட்டேன். இப்ப மேனேஜரும் வந்தாச்சு. இனிமே பிரபஞ்சம் பாத்துக்கிரும்."

"கட்டடம் சார்?"

"எதிர்மறையாப் பேசாத."

சிவபாண்டி மேலாளருக்குரிய தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சம்பளமாவது..." என்று இழுத்தான்.

"அதயும் கூட்டியாச்சுப்பா. சித்திரையிலயே கூட்டிட்டேன். நீதான் இன்னும் உணரல" என்றார் பாண்டியராஜன். கிரிதரன் பக்தியோடு தலையசைத்தார்.

வகுப்பு இப்போது பல கடைகளில் நடக்கிறது. எழுமலைப் பிளெக்ஸின் படம்தான் அதில் முதல் 'வெற்றிக் கதை'. அந்த மேலாளர் இப்போது எப்படி இருக்கிறார் என்று போன வாரம் ஒருவர் எழுந்து கேட்டிருக்கிறார்.

"சாயங்காலம் ஆனா எழுமலையிலதான் இருக்காரு. மக அவர் மொகத்தப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடுறா" என்றாராம் கிரிதரன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வகுப்பு வாக்களித்த அத்தனையும் பிளெக்ஸுக்குக் கிடைத்துவிட்டது. சிவபாண்டிதான் ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறான்.