என் பின்னால் வந்தவர்கள்

நான் ஒரு பிறவித் தலைவன் என்று இருபத்து நாலு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஜூலை மாதத்து மழைநாளில், பிற்பகல் மூன்றரை மணிக்கும் ஐந்தரை மணிக்கும் நடுவே அந்த நம்பிக்கை போய்விட்டது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. டிராம்பேயில் ஒரு சோப்புக் கம்பெனியில் நான் பேக்கிங் கிளார்க். லீவில் ஊருக்குப் போன சூப்பர்வைசர் அங்கேயே தங்கிவிட்டதால், அந்த நாற்காலியில் என்னைத் தூக்கி வைத்தார்கள். மூன்று மாதம் டிரையல். தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் மறுபடியும் கிளார்க். எனக்குக் கீழே பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் என்னைவிட வயதில் பெரியவர்கள். மேலப்பாளையத்துக்காரரான காதர் பாய், நான் கால்சட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்தே சோப்புப் பெட்டிக்கு ஆணி அடிப்பவர். எஸ்தர் தாராவிப் பெண். பெட்டிகளை எடைபோட்டு எண்ணுவது அவள் வேலை. பேச்சு குறைவு.

மேனேஜர் என்னை மாட்டுங்காவில் நடந்த ஒரு மாலை வகுப்புக்கு அனுப்பினார். தலைமைப் பண்பு என்பது பாடம். சொல்லிக்கொடுத்தவர் கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள். என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். அவர் தலைவர்களை மூன்று வகையாகப் பிரித்தார். உத்தரவு போடுகிறவர், எல்லாரையும் கேட்டுச் செய்கிறவர், எப்படியோ போங்கள் என்று விட்டுவிடுகிறவர். அப்புறம், தலைவன் பிறக்கிறான், உருவாவதில்லை என்று இன்னொரு பழைய கொள்கையும் உண்டு என்றார். (நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.)

"புஸ்தகத்துல தேடாதீங்க. வீட்ல பாருங்க, தெருவுல பாருங்க, சினிமாவுல பாருங்க. யார் சொன்னா யார் கேக்கறா, ஏன் கேக்கறான்னு எழுதிண்டு வாங்கோ" என்றார்.

எங்கள் வீடு லேபர் கேம்ப் குடியிருப்பில். காலை ஐந்தரை மணிக்குக் குழாயடியில் நாற்பது குடங்களை ஒரு புருவத் தூக்கலில் வரிசையில் நிற்கவைத்த பக்கத்து வீட்டு அத்தையைப் பற்றி நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. (அத்தை எப்படித் தலைவர் ஆவார்? கையில் கத்திகூட இல்லையே!) நேரே சினிமாவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில் ஒரு கத்திச் சண்டைப் படம். மூன்று வாரம் தொடர்ந்து அதையே பார்த்து, இருட்டில் கோணல்மாணலாகக் குறிப்பெடுத்தேன். கதாநாயகன் எப்போதும் முன்னால் நடக்கிறான். வாளை உயர்த்திப் பிடிக்கிறான். சுத்தத் தமிழில் பேசுகிறான். முக்கியமாக, தன் பின்னால் படை வருகிறதா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்கிறவன் தன் ஆட்களை நம்பாதவன் என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன்.

செக்‌ஷனில் முதல் பரிசோதனை நடத்தினேன்.

"இன்று முதல் அனைவரும் என்னை சார் என்றுதான் அழைக்க வேண்டும்."

"சரி தம்பி" என்றார் காதர் பாய்.

இப்படியே இரண்டு மாதம் ஓடிற்று.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் பதினோரு பேரும் நானும் செம்பூருக்குக் கிளம்பினோம். என் பின்சீட்டில் புஷ்பம் அக்கா. எட்டு மாதக் கர்ப்பிணி. மறுநாளிலிருந்து அவளுக்கு லீவு. தேவ்நார் தாண்டுவதற்குள் வேன் இரண்டு தடவை இருமியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. எதிரே ரோட்டைக் காணவில்லை. முழங்காலளவு தண்ணீர்தான் தெரிந்தது. மராட்டிக்கார டிரைவர் ஸ்டியரிங்கைவிட்டு இரண்டு கையையும் எடுத்துவிட்டு, "கதம்" என்றார். தீர்ந்தது என்று அர்த்தம்.

என் நெஞ்சு விம்மியது. பயத்தில் அல்ல. (அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.) தலைமை தாங்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்த சந்தோஷத்தில் விம்மியது.

"எல்லோரும் எழுந்து நில்லுங்கள்!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "எதுக்கு தம்பி? உள்ள நனையாமத்தானே இருக்கோம்" என்றார் காதர் பாய்.

சரி, இரண்டாவது வகைத் தலைவராக மாறினேன். "ரோட்டு ஓரமாகவே போகலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்." ஒன்பது கைகள் உயர்ந்தன. புஷ்பம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தூக்கவில்லை. இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். "வலதுபக்கம் வெட்டவெளியில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதில் போகலாம் என்பவர்கள்?" என் கை மட்டும் உயர்ந்து நின்றது. அந்தக் குறுக்குவழியை நான் எங்கே பார்த்தேன் என்கிறீர்களா? கம்பெனி சுவரில் மாட்டியிருந்த மேப்பில், பென்சில் கோடு மாதிரி ஒன்று ஓடியது. (அது பென்சில் கோடேதான்.)

சினிமாவில் ஓட்டெடுப்பு கிடையாது. கதவைத் திறந்து தண்ணீரில் குதித்தேன். டெரிலீன் பேண்ட் முழங்கால்வரை நனைந்தது. கறுப்புக் குடையை விரித்து, வாளைப் போல வானத்தை நோக்கி உயர்த்தினேன்.

"என் பின்னால் வாருங்கள்! அஞ்சாதீர்கள்!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

கொஞ்ச தூரம் பின்னால் சத்தமே இல்லை. மனசு பதறினாலும் கழுத்தைத் திருப்பவில்லை. ஒரு வரப்பைத் தாண்டியதும் கேட்டது. சளக், சளக், சளக். ஒருவர் இருவரல்ல, பெரிய கூட்டம். நடுநடுவே டிங் டிங் என்று காதர் பாயின் டிபன் கேரியர். வருகிறார்கள்! ஒன்பது ஓட்டை மீறி என் பின்னால் வருகிறார்கள்! மழையோடு சேர்ந்து என் கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

உற்சாகத்தில் பேச ஆரம்பித்தேன். "நண்பர்களே, இந்த நம்பிக்கைக்கு நன்றி. காதர் பாய், உங்களை நான் தவறாக எண்ணியிருந்தேன், மன்னியுங்கள்." டிங் என்று பதில் வந்தது. "புஷ்பம் அக்கா, பயப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க." என் முதுகுக்குப் பின்னால் புஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. அதன் சூடு பிடரியில் பட்டது. சொன்ன மாத்திரத்தில் செய்கிறாளே என்று பூரித்துப்போனேன். "அப்படித்தான்! இன்னொரு தடவை!" மறுபடியும் புஸ்ஸ். "எஸ்தர், நீங்க அக்கா கையைப் பிடிச்சுக்குங்க."

யாரோ என் முழங்கையை நக்கினார்கள்.

திரும்பினேன்.

பதினாலு எருமைகள். எண்ணியதால் சொல்கிறேன். அதிர்ச்சியில் மனிதன் என்ன செய்வான் என்று கேட்டால், நான் எண்ணினேன். முதல் எருமையின் கழுத்தில் மணி. எல்லாம் நின்று, அடுத்த உத்தரவு என்ன என்பது போல என்னைப் பார்த்தன. அவற்றுக்கு அப்பால் மழையில் மங்கலாக வேன் தெரிந்தது. அதைச் சுற்றி ஆள் நடமாட்டமே இல்லை.

பக்கத்தில் தபேலா என்று சொல்லும் பால்மாட்டுக் கொட்டகையின் எருமைகள் அவை. அவற்றின் சொந்தக்காரரான பையா (வடக்கத்திப் பால்காரர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம்) தினமும் கறுப்புக் குடையோடு முன்னால் நடப்பாராம், அவை பின்னால் வருமாம். குடைக்கடியில் யார் என்று எருமைகள் பார்ப்பதில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது, லாட்டிக் கம்பை ஓங்கிக்கொண்டு ஓடி வந்த பையாவும் அவர் போட்ட "சோர்! சோர்!" என்ற கூச்சலும்தான். திருடன்!

சட்டையைப் பிடித்தார். "மேரா பைன்ஸ் கிதர் லே ஜா ரஹா ஹை?" எருமைகளை எங்கே ஓட்டிக்கொண்டு போகிறாய் என்கிறார்.

என் ஹிந்தி எப்போதும் சுமார்தான். பயத்தில் இன்னும் இளைத்துப்போய்விட்டது. "நை, நை பையா! மை லீடர் ஹூம்!"

"கிஸ்கா?"

யாருக்கு என்று கேட்கிறார். திரும்பிப் பார்த்தேன். பதினாலு எருமைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

தபேலாவுக்குள் இழுத்துப்போய் ஒரு புல்கட்டின் மேல் உட்காரவைத்தார். அவருடைய அண்ணன் வந்ததும் போலீஸுக்குப் போவதாக ஏற்பாடு. போலீஸ் என்றால் வேலை போச்சு. லேபர் கேம்ப் முழுக்க, சாமுவேல் எருமை திருடினான் என்று பேச்சாகிவிடும். ஆனால் சாணி நாற்றத்தில் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, அதெல்லாம் பின்னால் போய் ஒரே ஒரு நினைப்பு முன்னால் வந்தது. நிறைமாதம் நெருங்கிய ஒரு பெண்ணைத் தண்ணீருக்கு நடுவே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவளை மட்டுமா? பதினோரு பேரையும்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்தேன். குளிரால் என்று பையா நினைத்து ஒரு சாக்கைப் போர்த்திவிட்டார்.

அங்கே நடந்ததை எஸ்தர் சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். நான் குதித்ததும் வேனுக்குள் எல்லாரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்களாம். "யா அல்லா, இந்தத் தம்பிக்கு என்ன வந்திச்சு?" என்று காதர் பாய் கேட்டு முடிப்பதற்குள், புஷ்பம் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. எஸ்தர் யாருக்கும் உத்தரவு போடவில்லை. செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றாள். "அக்கா, என் தோளப் புடிச்சுக்கிடுங்க. பள்ளம் வந்தா மொதல்ல நாந்தான் விழுவேன். நீங்க பாத்து நடக்கலாம்." அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் காதர் பாய் குடையால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு முன்னால் போக, மற்றவர்கள் இருபக்கமும் கை கோத்துக்கொண்டார்கள். தூங்கினவரும் எழுந்துவிட்டார். மேட்டில் ஒரு லாரி கிடைத்தது. புஷ்பம் அக்காவைச் செம்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, துணைக்கு ஒரு பெண்ணையும் வைத்துவிட்டு வெளியே வந்த எஸ்தர், பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணியிருக்கிறாள்.

"எல்லாம் சரியா இருக்கு. சார் எங்க?"

மீதி ஒன்பது பேரும் நான் போன திசையைத் தேடிக்கொண்டு அதே தண்ணீரில் திரும்பி வந்தார்கள்.

தபேலா வாசலில் அவர்கள் வரிசையாக நின்றபோது, எனக்கு எருமைகளைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி. எல்லார் உடம்பிலும் இடுப்புவரை சேறு. காதர் பாயின் வெள்ளை வேட்டி பாதிக்குமேல் வெள்ளையாக இல்லை.

"புஷ்பம் அக்கா?" என்றேன்.

"ஆஸ்பத்திரில இருக்காங்க. ஒண்ணும் பயமில்ல" என்றாள் எஸ்தர். பிறகு பையாவைப் பார்த்துச் சொன்னாள். "யே சோர் நை. ஹமாரா சூப்பர்வைசர் ஹை."

பையா என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். சாக்கு, சாணி, உடைந்த குடை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நியாயம்தான். இதுவா உங்களுக்கு சூப்பர்வைசர் என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு ஒரு சோதனை வைத்தார். "ஆர்டர் போடச் சொல்லு. நீங்க கேட்டா நான் விட்டுடறேன்."

ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று வாரம் எடுத்த குறிப்பு, மூன்று வகைத் தலைவர்கள், எல்லாம் எங்கேயோ போய்விட்டன. கால் ஓய்ந்து நிற்கும் அவர்களைப் பார்க்க, வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"உ... உக்காருங்க."

சொன்ன பிறகுதான் கீழே பார்த்தேன். அவர்கள் நின்ற இடத்தில் தரை என்று ஒன்று இல்லை. மழைத்தண்ணீரும் சாணியும் கலந்த குழம்பு, கணுக்காலுக்கு மேல். "ஐயோ, வேண்டாம்" என்று நான் வாயெடுப்பதற்குள், காதர் பாய் வேட்டியை ஒருமுறை சரிசெய்துகொண்டு, "சரி சார்" என்று சொல்லிச் சப்பென்று உட்கார்ந்தார். அவர் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை. அடுத்து எஸ்தர். பிறகு ஒவ்வொருவராக ஒன்பது பேரும். யாரும் சிரிக்கவில்லை. நான் ஒருத்தன்தான் நின்றுகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

பையா லாட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எல்லாருக்கும் பால் காய்ச்சப் போனார்.

புஷ்பம் அக்காவுக்கு மறுநாள் காலையில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, அவர்கள் உட்கார்ந்தது எந்தக் கொள்கையில் வரும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். டிரையல் முடிந்தபோது, இந்தப் பையனை நிரந்தரம் ஆக்கலாமா என்று மேனேஜர் காதர் பாயைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "ஆக்கிடுங்க சார். வேற ஆளப் போட்டா அவரையும் மொதல்லருந்து நாங்கதான் பழக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்து எஸ்தருக்கும் எனக்கும் தாராவியில் கல்யாணம் ஆனது. என் மானத்தைக் காப்பாற்றினவள் வீட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், எந்த இடமானாலும் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகள் பிறந்து, அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

மகளின் நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்தில் ஒரே இரைச்சல். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் தகப்பன் என்ற தோரணையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க!" என்றேன். பட்டுப்புடவையும் கோட்டுமாக என் குடும்பம் மொத்தமும் தரையில் உட்கார்ந்தது. விவரம் தெரியாத மாப்பிள்ளை வீட்டார், ஜெபம் ஆரம்பிக்கிறது என்று நினைத்து அவர்களும் பயபக்தியோடு உட்கார்ந்து தலை குனிந்தார்கள். பாதிரியாரும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெரிய மண்டபத்தில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். கீழேயிருந்து எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்க சார்."

என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.