இயல்பாக இருப்பதற்கு மூன்று மாத வகுப்பு

கரையோரத் துணைப் படைக்கு அதிகாரிப் பயிலுநர்களைச் சேர்த்துக்கொள்ளும் அறிவித்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைகளில் வந்தது. விண்ணப்பதாரியிடம் அதிகாரி ஆகும் தன்மை உண்டா என்று அளக்க ஓர் உளச்சார்புப் பரீட்சை நடக்கும் என்றது அது. பதினோராம் பந்தி மேலும் சொன்னது: "இப்பரீட்சைக்கு எவ்வித முன்னாயத்தமும் தேவையற்றது. விண்ணப்பதாரிகள் இயல்பாக இருத்தல் போதுமானதாகும்."

திங்கட்கிழமை விடியும்போது வெள்ளவத்தையில் காலி வீதி விளக்குக் கம்பங்களில் எல்லாம் மஞ்சள் நோட்டீஸ். "இயல்பாக இருப்பது எப்படி? மூன்று மாத விசேட வகுப்பு. நேரடியாகவும் சூமிலும். கடந்த முறை தெரிவானவர்களில் 97 வீதம் எமது மாணவர்கள். சிவானந்தன் மாஸ்டர்."

மாஸ்டர் இரசாயனவியலில் தொடங்கியவர். பிறகு வங்கிப் பரீட்சை, கனடா விசா நேர்முகம் என்று படிப்படியாக உயர்ந்து, இப்போது மனித சுபாவத்தையே ஆறு பக்க ரியூட் குறிப்புக்குள் அடக்கிவிட்டார்.

பாஹிமுக்கு அந்த வகுப்பில் சேரும் எண்ணமே இருக்கவில்லை. கொச்சிக்கடையில், துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள ஒரு களஞ்சியத்தில் அவன் தற்காலிகப் பதில் கடமை உதவிக் களஞ்சியப் பொறுப்பாளர். பதவியின் நீளத்துக்கும் மரியாதைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மழை இறங்கும்போது பன்னிரண்டு பேரை வைத்து ஒரு லொறி சீமெந்தை இருபது நிமிடத்தில் உள்ளே அடுக்க அவனால் முடியும். அந்தக் கெட்டித்தனத்துக்குத் தோளில் ஒரு நட்சத்திரம் வேண்டுமென்று பதினாறு வயதிலிருந்து ஆசை. வயதெல்லை இருபத்து நாலு. அவனுக்கு மாசியில் இருபத்தைந்து. இந்த முறை விட்டால் ஆயுளுக்கும் விட்டதுதான்.

"இயல்பா இருந்தாப் போதுமாம் வாப்பா," என்றான்.

வாப்பா அஷ்ரப் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ரியூசன் போகாம சோதின எழுதின புள்ள நம்மட குடும்பத்தில இல்ல. நாளைக்கு பெயிலாகினா ஆக்கள்ட்ட என்னத்தச் சொல்ற? இயல்பா பெயிலாகினான்னா?"

புதன்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக்குப் பஸ்ஸேறினான்.

புடைவைக்கடைக்கு மேலே, நாற்பது பேருக்கான அறையில் தொண்ணூறு பேர் இயல்பாக இருக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு படம் விழுந்தது. வேண்டுமென்றே மங்கலாக்கிய படம். அதைப் பார்த்து நாலு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். கதையில் எழுதுகிறவரின் மனம் தெரிந்துவிடுமாம்.

"நீர் சொல்லும். என்ன தெரியுது?" என்று மாஸ்டர் பாஹிமைக் கேட்டார்.

"லொறிக்குக் கீழ ஒரு ஆள் தூங்குற மாதிரி ஈக்கி, சேர்."

"அவருக்கு இருபத்து நாலு வயசு. ஊரிலை வெள்ளம். அவர் வாலிபரை ஒன்றுதிரட்டிப் பாலம் போடுறார். எழுதும்."

"படத்தில வெள்ளம் இல்லையே சேர்."

"இனித்தான் வரப்போகுது."

"சோதினையில வேற படம் தந்தா?"

"எந்தப் படத்துக்கும் வெள்ளம் வரும் தம்பி."

"பூனைப் படம் தந்தா?"

"வெள்ளத்திலை அகப்பட்ட பூனை. காப்பாத்திறவருக்கு இருபத்து நாலு வயசு."

அடுத்தது சொற்கள். ஒரு சொல்லைக் காட்டுவார்கள். மனதில் முதலில் வருவதைப் பதினைந்து செக்கனில் எழுத வேண்டும். முதலில் வரவேண்டியவை ரியூட்டில் அகரவரிசையில் இருந்தன. இருட்டு என்றால் 'விளக்கேற்றுவேன்'. பயம் என்றால் 'பழக்கமில்லை'. மாமியார் என்றால் 'மரியாதை'. சோறு என்பதற்கு பாஹிம் 'பசி' என்று எழுதியிருந்தான். மாஸ்டர் அதைச் சிவப்பால் வெட்டி 'பகிர்ந்துண்போம்' என்று திருத்தினார்.

"அதிகாரிக்குப் பசிக்கக் கூடாது."

"முதல்ல மனசுல வந்தது அதுதானே சேர்."

"பகிர்ந்துண்போம் எண்டதை மூண்டு மாசம் பாடமாக்கும். பிறகு அதுதான் முதல்லை வரும்."

கடைசிப் பாடம் குழுப் பணி. "பத்துச் செக்கன் மௌனம். பிறகு ரெண்டு கையையும் விரிச்சு, 'நண்பர்களே, முதலில் எல்லோருடைய கருத்தையும் கேட்போம்' எண்டு சொல்ல வேணும். ஒரு எழுத்தும் மாறக் கூடாது. தலைமைத்துவம் எண்டா இதுதான்."

பாஹிம் மூன்று மாதமும் ஒழுங்காகப் போனான். ஆனால் பகல் முழுக்கச் சீமெந்துத் தூசியில் நின்றுவிட்டு வருகிற மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. பரீட்சை மண்டபத்தில் அதே லொறிப் படம் வந்தது. அவனுக்கு அதே ஆள்தான் தெரிந்தான். வேலை முடிந்து களைத்துத் தூங்குகிறான், எழுப்பாமல் விடுவது நல்லது என்று மனதில் பட்டதை எழுதிவிட்டான்.

குழுப் பணிக்காக மைதானத்தில் இரண்டு கோடு கீறி, நடுவில் இருப்பது ஆறு என்று தெரிவுச் சபைத் தலைவர் அறிவித்தார். இரண்டு பீப்பாய், மூன்று பலகை, ஒரு கயிறு. இருபது நிமிடத்தில் எட்டுப் பேரும் அக்கரை சேர வேண்டும். பத்துச் செக்கன் மௌனம் நிலவியது. பிறகு ஏழு பேர் ஒரே நேரத்தில் கைகளை விரித்தார்கள். "நண்பர்களே, முதலில் எல்லோருடைய கருத்தையும் கேட்போம்."

கேட்க எல்லோரும் தயாராக இருந்தார்கள். கருத்துத்தான் ஒருவரிடமும் இல்லை. ஆகவே மறுபடி பத்துச் செக்கன் மௌனம் காத்து, மறுபடி கைகளை விரித்தார்கள். சபை ஏழு பேருக்கும் தலைமைத்துவத்துக்கு முழுப் புள்ளி போட்டது.

பதினாலாவது நிமிடத்தில் பாஹிமுக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, நீங்க அந்த பீப்பாயப் புடிங்க. நெட்டையா ஈக்கிற ரெண்டு பேரும் பலகைக்கு வாங்க. கயித்த இங்கால போடுங்க." நாலு நிமிடத்தில் எட்டுப் பேரும் அக்கரையில் நின்றார்கள். சபைத் தலைவர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ நீளமாக எழுதினார். பாஹிமுக்கு மனம் நிறைந்துவிட்டது.

மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. "தாங்கள் இயல்பாக இல்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் அறியத்தருகிறோம்."

மேன்முறையீட்டுக்குப் போனவனை மதிப்பீட்டு அதிகாரி அருந்ததி இருத்தி வைத்து அன்பாகத்தான் விளக்கினார். "இயல்பு எண்டால் கூடுதலான ஆக்கள் செய்யிறது. போன முறை தெரிவானவையிலை தொண்ணூற்றேழு வீதம் வெள்ளமும் பாலமும் எழுதினவை. அதைத்தான் நாங்கள் அளவுகோலா எடுத்தனாங்கள். நீங்கள் ஆளைப் படுக்க விட்டிருக்கிறியள்."

"அவங்க எல்லாரும் ஒரே மாஸ்டர்ட ரியூட்டப் பாத்துத்தானே எழுதின, மிஸ்?"

"அது எங்களுக்கும் தெரியும். ஆனா முன்னாயத்தம் தேவையில்லை எண்டு அறிவித்தலிலை இருக்கு. அப்ப ஒருத்தரும் ஆயத்தம் செய்யேல்லை எண்டுதான் நாங்கள் கொள்ள வேணும்."

"ஆத்தக் கடக்க வெச்சது நான்தானே மிஸ்?"

"ஓம். ஒருத்தரிட்டையும் கருத்துக் கேளாமல் கடந்தனீங்கள். அதுக்குப் புள்ளி போட எங்கடை படிவத்திலை கட்டம் இல்லை."

பாஹிம் வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றான். மூன்று பஸ் வந்து போனது தெரியவில்லை. தோற்றதைவிட, தன்னை இயல்பில்லாதவன் என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்ததுதான் அவனுக்கு வலித்தது.

அந்தக் கார்த்திகையில் பேலியகொடைப் பக்கம் வெள்ளம் ஏறியது. கதையில் அல்ல, உண்மையாகவே. குழுப் பணியில் கை விரித்துத் தெரிவாகி, பயிற்சியில் இருந்த அந்த ஏழு புதிய அதிகாரிகளும் உடனடியாகக் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே பத்துச் செக்கன் மௌனமாக நின்று, கைகளை விரித்தார்கள். பாஹிம் களஞ்சியத்துப் பீப்பாய்களையும் பலகைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, சுமனையும் மற்ற மூட்டை தூக்கும் பொடியன்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். பின்னேரத்துக்குள் நாற்பது பேர் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். கடமைக்கு வந்திருந்த அருந்ததி அதைப் போனில் படம் எடுத்தார். போன் கண்ணாடியில் மழை வழிந்ததால் படம் மங்கலாகத்தான் வந்தது.

தை பிறந்ததும் புதிய அறிவித்தல். "வெள்ள நிலைமையைக் கருத்திற்கொண்டு வயதெல்லை ஓராண்டால் நீடிக்கப்படுகிறது." வெள்ளத்துக்கும் வயதுக்கும் என்ன தொடர்பு என்று பாஹிம் கேட்கவில்லை. மனதில் பட்டதை எழுதித்தான் போன முறை கெட்டது. முதல் ஆளாகப் போய் மாஸ்டரின் வகுப்பில் முன்வரிசை வாங்கில் இருந்தான். பஸ்ஸில், குளியலறையில், களஞ்சியத்தில் என்று எங்கேயும் பாடமாக்கினான். இரண்டாம் மாதம் உம்மா, "சோறு போடவா மகன்?" என்று கேட்டபோது, "பகிர்ந்துண்போம்," என்றான்.

பரீட்சையில் படம் விழுந்தது. சாம்பல் நிறத் தண்ணீர், பீப்பாய், பலகையைத் தோளில் வைத்த ஒருவன். மடித்துக் கட்டிய சாரம் அவனுடையதுதான். பின்னால் நின்ற லொறியும் களஞ்சியத்து லொறிதான்.

அவனுடைய பேனை ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றது. இது நான், அன்றைக்கு எனக்கு நல்ல பயம், சுமன் இல்லாவிட்டால் முடிந்திராது என்று எழுதத்தான் முதலில் வந்தது. பிறகு எழுதினான்: "இவருக்கு இருபத்து நாலு வயது. இவர் வாலிபரை ஒன்றுதிரட்டுகிறார்."

தீவிலேயே முதலாம் இடம். பெறுபேற்றில் "பூரண இயல்பு" என்று இருந்தது. வாப்பா தெருவுக்கே வட்டிலாப்பம் கொடுத்தார். பயிற்சிக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருக்கையில், ஒரு மழைப் பின்னேரம், களஞ்சியத்திலிருந்து சுமன் போன் எடுத்தான்.

"பாஹிம் நானா, உள்ளுக்குத் தண்ணி வருது. சீமெந்து எல்லாம் நிலத்தில இருக்கு. என்ன செய்ற?"

பாஹிமுக்குப் பதில் தெரியும். எந்தப் பலகையை எங்கே போட வேண்டும், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லாம் தெரியும். ஆனால் பத்துச் செக்கன் வாய் திறக்கவில்லை. பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்தான்.

"நண்பர்களே, முதலில் எல்லோருடைய கருத்தையும் கேட்போம்."

"அதெல்லாம் கேட்டாச்சு நானா," என்றான் சுமன். "நீங்க பாஸாகினதுக்குப் பிறகு நாங்க பன்னிரண்டு பேரும் சூம் வகுப்பில சேந்திட்டம். இப்ப எல்லாரும் கைய விரிச்சிட்டுத்தான் நிக்கிறம். தண்ணி முழங்காலுக்கு வந்திட்டு."